அடிச்சு கேக்குறதா, பேசி கேக்குறதா?

போர்க் கைதிகிட்ட விஷயம் வாங்க ரெண்டு வழி. நியாயத்த விடுங்க, வேலைக்கு ஆகுதான்னு பாத்தாலே என் ஓட்டு பேசுற வழிக்குத்தான். இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் விமானப்படை விசாரணை ஆள் ஹான்ஸ் ஷார்ஃப் கையே ஓங்கல, பிடிபட்ட பைலட்டுகளோட நடந்துக்கிட்டே சும்மா கதை பேசி கறந்துட்டாரு.

சிஐஏ கதை வேற, 2002 ஆகஸ்ட்ல மட்டும் அல்கொய்தா ஆளுன்னு பிடிச்ச அபு ஸுபைதாவ 83 தடவ வாட்டர்போர்டிங் (மூஞ்சில துணிய போட்டு தண்ணி ஊத்தி மூச்சு முட்ட வைக்கிறது) பண்ணாங்க, அதுக்கு அமெரிக்க நீதித்துறை வக்கீலுங்க இது சித்திரவதையே இல்லன்னு மெமோ வேற எழுதி குடுத்தாங்க (அதிகாரம் இருந்தா சட்டமும் வளையும் போல). ஆனா 9/11 தாக்குதலுக்கு திட்டம் போட்ட காலித் ஷேக் முகமது பத்தி ஸுபைதா வாய தொறந்தது அதுக்கு முன்னாடியே, ஆஸ்பத்திரில எஃப்பிஐ ஆளுங்க பக்குவமா பேசினப்போ. அடிக்கு பயந்தா எதையும் சொல்லுவாங்கல்ல, இன்னொரு கைதி அல் லிபி அப்படித்தான் ஈராக் அல்கொய்தாவுக்கு ரசாயன ஆயுத ட்ரெய்னிங் குடுத்துச்சுன்னு அள்ளிவிட்டாரு, அத வச்சு 2003 பிப்ரவரில அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பவல் ஐநாலயே பேசினாரு, அடுத்த மாசமே ஈராக் மேல போர்.