படுக்கை நனைவதற்கு அலாரம்: 14 மாதம் பயன்படுத்திய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கிய முதல் ராத்திரியே இதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்றேகால் மணிக்கு அடித்தது. நான் எழுந்தேன், கணவர் எழுந்தார், அடுத்த அறையிலிருந்து மாமியார் "என்னம்மா, கேஸ் லீக்காகுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், நாலு வயது மகள் எழுந்து அழுதாள். தோளில் அந்தச் சனியனை மாட்டியிருந்த பையன் மட்டும் குப்புறப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்போது அவனுக்கு எட்டு வயது. வாரத்தில் ஐந்து நாளாவது படுக்கை நனையும். ஐப்பசி மழையில் மெத்தை காயாது, ரப்பர் ஷீட்டின் மேல் இரண்டு ஜமக்காளம் மாற்றி மாற்றிப் போடுவோம். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தில் தங்கமாட்டோம், ஏதாவது சாக்கு சொல்லிவிட்டு கடைசி பஸ்ஸில் திருச்சி வந்துவிடுவோம். எள்ளுருண்டை கொடுத்தோம், தாயத்து கட்டினோம். ஊதுபத்தியைக் காட்டி மிரட்டச் சொன்ன ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போவதையே நிறுத்தினோம். இதையெல்லாம் விட நான் இப்போது வருத்தப்படுவது, இரண்டு வருஷமாக தினமும் ராத்திரி 11 மணிக்கு அவனைத் தூக்கிப்போய் பாத்ரூமில் நிறுத்தியதற்குத்தான். கண்ணைத் திறக்காமலே போவான், நாங்களும் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்போம். தூங்கிக்கொண்டே போவதற்குத்தான் அவனைப் பழக்கியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நடுவில் இது நரம்புப் பிரச்சினையோ என்று ஒரு பயமும் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஸ்பைனா பைஃபிடா ஒக்கல்ட்டா' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க போனில் தேடித் தேடிப் படித்து, பையன் நாளைக்கே நடக்க முடியாமல் போய்விடுவான் என்கிற அளவுக்கு நானே போய்விட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த குழந்தை டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்ப்பதற்கு முன்னால் பையனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகின் அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே குழியோ, மயிர்க்கொத்தோ, மச்சம் மாதிரித் திட்டோ இருக்கிறதா, பிட்டத்தின் பிளவு கோணலாக இருக்கிறதா என்று. அப்புறம் குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், கணுக்காலில் சுத்தியலால் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது முதுகெலும்பில் இருக்கிற ஒரு சின்ன இடைவெளிதான், அது எந்தத் தொந்தரவும் இல்லாத எத்தனையோ பேருடைய எக்ஸ்ரேயிலும் தெரியும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்றார். தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுபடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பகலிலும் சொட்டும், மலமும் கட்டுப்படாமல் போகும், கால் பலவீனமாகும், நடை மாறும். இந்த மாதிரி அறிகுறி இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டர் பார்க்க வேண்டும். ராத்திரி மட்டும் நனைக்கிற, மற்றபடி ஓடி ஆடுகிற பிள்ளைக்கு அவசரமில்லை.

அப்புறம் "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கணவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் அரிசி பொறுக்கிக்கொண்டே, "ஏம்மா, இவன் ஆறாவது படிக்கிற வரைக்கும் பாயை நனைச்சவன்தானே" என்றார். கல்யாணமாகி பத்து வருஷம்! அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு 44, இருவருக்கும் என்றால் 77 என்பது பழைய கணக்கு. இதைப் பையனிடம் அன்றைக்கே சொன்னோம். அலாரத்தை விட முதலில் வேலை செய்தது அதுதான் என்று நினைக்கிறேன், அப்பாவை ஒரு மாதிரி சந்தோஷமாகப் பார்த்தான்.

டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்த வரையில் இது. சிறுநீர்ப்பை நிரம்புகிற சேதி முதுகுத்தண்டு வழியாக மேலே போய் மூளைத்தண்டில் ஒரு சின்ன மையத்துக்குச் சேர்கிறது. 1925-ல் பூனைகளில் ஆராய்ந்து அதை விவரித்த பாரிங்டன் என்கிற ஆராய்ச்சியாளர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற நரம்புக் கூட்டமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நமக்கெல்லாம் இந்தச் சேதி வந்தால் மூளை ஒன்று பையைச் சுருங்கவிடாமல் அடக்கும், இல்லை நம்மை எழுப்பிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் நடப்பதில்லை. சோம்பேறித்தனம் இல்லை, பிடிவாதமும் இல்லை, அந்த இணைப்பு பழுக்கக் கொஞ்சம் நாளாகிறது. இது போக, ராத்திரியில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கிற வேசோபிரெசின் ஹார்மோன் சிலருக்குப் போதுமான அளவு வருவதில்லை. சிலருக்குப் பை சின்ன அளவிலேயே சுருங்கிவிடுகிறது. ஐந்து வயதில் நூற்றுக்கு 15 பிள்ளைகளுக்கு இது இருக்கிறது, வருஷத்துக்கு அதில் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அதாவது சும்மா காத்திருந்தாலும் சரியாகலாம், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு 'இன்னும் மூணு வருஷம் பொறுத்துக்கோ' என்று எப்படிச் சொல்வது?

அலாரம் வாங்குவதற்கு முன்னால் ஆறு வாரம் பகல் வேலைதான் செய்யச் சொன்னார். இரண்டு நாள் லீவில் அவன் போவதையெல்லாம் ஒரு பழைய பிளாஸ்டிக் அளவு ஜாடியில் பிடித்து எழுதினோம். வயதோடு ஒன்று கூட்டி முப்பதால் பெருக்கினால் பை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தெரியும், எட்டு வயதுக்கு 270 மில்லி. இவனுக்கு அதிகபட்சமே 140. காரணம் தேடினால் மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறான், எனக்கே தெரியாது. குடலில் தேங்கியது முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பள்ளிக்கூட பாத்ரூமில் தண்ணீர் வராது, நாற்றம் என்று காலையில் எட்டரையிலிருந்து நாலு மணி வரை அடக்கியிருக்கிறான். அடக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீர், பூஸ்ட், ஏழு மணிக்கு மறுபடி ஒரு சொம்பு. ராத்திரி நனையாமல் என்ன செய்யும்?

வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்துப் பேசி, இடைவேளையில் கட்டாயம் போகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். ஒரு நாள் தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு காலையில், இரண்டு பங்கு பள்ளி முடிவதற்குள், ஒரு பங்கு மட்டும் சாயங்காலம். கொய்யாப்பழம், கீரை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்காமல் இருக்க ஒரு முக்காலி. இதிலேயே வாரத்துக்கு ஐந்து ஈர ராத்திரி நாலாகவும் மூன்றாகவும் குறைந்தது. அலாரத்துக்குப் பணம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யாமல் விடாதீர்கள், இது இலவசம்.

இனி அலாரம். 2,400 ரூபாய் ஆனது. ஜட்டியில் மாட்ட ஒரு கிளிப், அதிலிருந்து பனியனுக்குள்ளே போகிற ஒயர், தோள்பட்டையில் ஒரு சின்னப் பெட்டி. ஈரம் பட்டதும் அலறும், அதிரும். இந்த யோசனை பழையதுதான். 1904-ல் பஃபௌண்ட்லர் என்கிற குழந்தை டாக்டர் துணி மாற்ற வேண்டியதை நர்ஸுக்குத் தெரிவிக்க மணி ஒன்று வைத்தாராம், மணி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் நனைப்பதே குறைந்துவிட்டதாம். 1938-ல் மௌரர் என்கிற உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் இதை முறையான பயிற்சியாகவே எழுதிவைத்தார்கள்.

பெட்டியில் எழுதியிருக்காத விஷயம்: முதல் மூன்று வாரம் இது பிள்ளைக்கான அலாரம் இல்லை, நமக்கானது. அடித்ததும் நாம் ஓடிப்போய் அவனை முழுசாக எழுப்ப வேண்டும், முகத்தில் தண்ணீர் தெளித்து, அவன் கையாலேயே அலாரத்தை அணைக்கவைத்து, அவனையே நடந்து பாத்ரூம் போகவைக்க வேண்டும். 'உன் கிளாஸ் டீச்சர் பேர் என்ன' என்று கேட்பேன், பதில் ஒழுங்காக வந்தால்தான் விடுவேன். முதல் மாதத்தில் எனக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையமே வந்துவிட்டது. நாலாவது வாரம் துணியில் ஒரு கையளவுதான் ஈரம், அடித்ததும் பாதியில் நிறுத்திவிட்டான். ஏழாவது வாரம் ஒரு ராத்திரி அலாரம் அடிக்கவே இல்லை, பாத்ரூம் லைட் எரிந்தது. போய்ப் பார்த்தால் ஒயர் தொங்கத் தொங்க நின்றுகொண்டிருக்கிறான். "அம்மா, நானே எந்திரிச்சேன்" என்றான். பதினோராவது வாரம் முடிந்தபோது தொடர்ந்து 14 நாள் காய்ந்த படுக்கை. அதற்கப்புறம் டாக்டர் சொன்னபடி படுக்கும் முன் வேண்டுமென்றே ஒரு டம்ளர் தண்ணீர் அதிகம் கொடுத்துப் பழக்கினோம். இரண்டு ராத்திரி நனைந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

பொருளின் குறைகள் நிறைய. சித்திரை வெயிலில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் வியர்வைக்கே அடிக்கும்; இரண்டு ஜட்டி போட்டு இரண்டுக்கும் நடுவில் கிளிப்பை மாட்டிய பிறகுதான் குறைந்தது. கிளிப்பின் உலோகப் பல்லில் பச்சை பிடிக்கும், தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஏழாவது மாதம் ஒயர் பெட்டியில் சேருமிடத்தில் ஆட ஆரம்பித்தது, இன்சுலேஷன் டேப்தான் காப்பாற்றியது. பேட்டரி மாதத்துக்கு ஒரு ஜோடி.

முழு ஆண்டுப் பரீட்சைக்கு அப்புறம் ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி. திரும்ப அலாரத்தை மாட்டினோம், இந்தத் தடவை மூன்றே வாரம். கடைசி ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் காய்ச்சலில்.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகப் போட்டால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு வேலை செய்கிறது என்கிறார்கள், மூன்று மாதம் போட்டும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுவதுதான் சரி. மாத்திரையை நான் எதிர்க்கவும் இல்லை. அந்த வேசோபிரெசின் ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிற டெஸ்மோபிரெசின் மாத்திரை பள்ளிச் சுற்றுலா மாதிரியான ராத்திரிகளுக்கு நன்றாக உதவும், ஆனால் நிறுத்தினால் பழையபடி வர வாய்ப்பு அதிகம். மாத்திரை போட்டபின் தண்ணீரை மட்டுப்படுத்தாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம், கவனம். நடுவில் ஒருவர் சொன்னார் என்று முதுகைத் தடவி 'குழந்தைப் பருவ அனிச்சை' (கைக்குழந்தைகளிடம் தானாக நடக்கிற அசைவு) போகவைக்கிறோம் என்கிற இடத்துக்கும் நாலு தடவை போனோம். ஒரு மாற்றமும் இல்லை, ஆட்டோ செலவுதான்.

ஆறு மாதம் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று நனைத்து, கூடவே தாகமும் எடை குறைவும் இருந்தால் அலாரம் தேடாதீர்கள், அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடுகிற பிள்ளையென்றால் மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது எங்கள் அலாரம் மதுரையில் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அவள் பெண்ணுக்கு ஏழு வயது. போன தீபாவளிக்கு எங்கள் கதையைச் சொன்னபோது "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்ல அண்ணி" என்றாள். பொங்கல் முடிந்து ராத்திரி பத்தரைக்கு போன் செய்து குரலைத் தாழ்த்தி, கிளிப் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டாள்.