பர்மா பஜாரில் கிடைக்காத பலகாரம்: எந்தத் தீவிலிருந்து எதை வாங்கி வரலாம்?

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் யாராவது வெளிநாடு போய்த் திரும்பினால், பெட்டி திறக்கிற சத்தத்துக்கே நாலு பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும். முன்பு சிங்கப்பூர் சாக்லேட் ஆளுக்கு ரெண்டு கொடுத்தால் போதும். இப்போது பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜாரில் பத்தடி நடந்தால் அதே சாக்லேட் கிடைக்கிறது. அதனால் ஊரிலிருந்து தின்பண்டம் வாங்கும்போது நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பஜாரில் கிடைக்காததாக இருக்க வேண்டும். பங்கு போட வர வேண்டும், எங்கள் வரிசையில் மட்டும் பதினோரு வீடு. சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு வாரமாவது தாங்க வேண்டும்.

நாங்கள் போய் வாங்கியதும், சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததுமாக ஐந்தாறு தீவுப் பலகாரம் எங்கள் வீட்டில் புழங்கியிருக்கிறது. அதில் நிஜமான போட்டி இலங்கைக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கும்தான்.

இலங்கை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை அல்லது கருப்பட்டி. எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்காகக் கிளற வேண்டும். கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், நடுநடுவே முந்திரி. கத்தியில் எண்ணெய் தடவாமல் வெட்டவே முடியாது. எங்கள் ஆயா ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. முழுசும் கரைந்த பிறகு, "கோதுமை அல்வா மாதிரி தெரியுது, ஆனா அது இல்ல" என்றது. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பங்கு போடுவது கஷ்டம். வெட்டிய துண்டு தாளோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் கசிந்து பை முழுக்கப் பரவும். இன்னொன்றும் இருக்கிறது: தொதல் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலேயே கிடைக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், அருமையாகவும் செய்கிறார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் திரும்பும் வழியில் வாங்கி வரலாம், பாஸ்போர்ட்டே வேண்டாம்.

அதனால் இலங்கை போனால் நான் தேடுவது பருத்தித்துறை வடையை. வடை என்ற பெயரைக் கேட்டு மெதுவடையை நினைக்க வேண்டாம். உளுந்தும் மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரித்தது. நம் தட்டைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். ஆனால் சோம்பு வாசமும் சிவப்பு நிறமும் காரமும் வேறு. யாழ்ப்பாணத்தில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்கள். எண்ணிப் பிரிக்கலாம், ஒட்டாது, காற்றுப் போகாத டப்பாவில் போட்டால் வாரக்கணக்கில் நமுக்காது. ஆனால் நொறுங்கும். துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். நான் முதல் தடவை கவனக்குறைவாக அடியில் வைத்துவிட்டு, பாதியைத் தூளாகத்தான் எடுத்தேன். அதைத் தயிர் சாதத்தில் தூவிச் சாப்பிட்டோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பினாங்கின் பலம் தம்புன் பிஸ்கட். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. வெளியே ஏடு ஏடாக உதிரும் மாவு, உள்ளே பாசிப்பருப்பும் வறுத்த வெங்காயமும். இனிப்பும் உப்பும் ஒன்றாக வருகிற அந்த ருசி நம் பக்கம் இல்லாதது. முதலில் தயங்குகிறவர்கள்கூட மூன்றாவதை எடுக்கும்போது பெட்டியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். பெட்டியில் வரிசையாக அடுக்கித் தருவதால் பங்கு போடவும் சுலபம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இதைப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்வார்கள். தாவர எண்ணெயில் செய்வதும் உண்டு. எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். அந்த வீட்டுக்குப் பெட்டியைப் படித்துப் பார்க்காமல் கொடுப்பது எனக்குப் பெரிய தப்பு. மலேசியாவின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். சைவ வீடுகளுக்கும் இதே கவனம் வேண்டும். இந்த ஒரு காரணத்தால்தான் தெரு முழுக்கக் கொடுக்க நான் தம்புனைவிட வடையை முன்னால் வைக்கிறேன்.

சிங்கப்பூர் என்றால் கயா ஜாம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலை வாசமும் சேர்ந்தது. ரொட்டியில் தடவ அருமை. ஆனால் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விமானத்தில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். ஒரு பாட்டில் ஒரு வீட்டுக்குத்தான். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது.

அந்தமானுக்கு நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறது, மூன்று நாள் பயணம். மனசு நிறையும் ஊர். ஆனால் பலகாரத்துக்கென்று நான் அங்கே போகமாட்டேன்.

லட்சத்தீவில் இரண்டு உண்டு. தேங்காயும் வெல்லமும் கிளறி, காய்ந்த இலையில் சுற்றிக் கட்டிய அல்வா ஒன்று. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்த மாசி இன்னொன்று. சூரை காசிமேட்டில் தினமும் இறங்குகிறது. ஆனால் இந்தப் புகை வாசம் இங்கே வராது. எங்கள் மாமியார் அதைச் சீவித் தேங்காயோடு சம்பல் அரைத்தபோது பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்தார்கள். மீன் சமைக்கிற வீடுகளுக்கு மட்டும் இதைக் கொடுங்கள். பையில் மூன்று சுற்றுத் தாள் சுற்றி வையுங்கள்.

ராமேஸ்வரத்தையும் தீவு என்ற கணக்கில் சேர்க்கிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது. அங்கே கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வாங்கலாம். இவை சென்னையிலும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வயசானவர்களுக்கு, ராமேஸ்வரத்திலிருந்து வந்தது என்றால் தனி மதிப்பு.

யாழ்ப்பாணத்துப் பனைப் பண்டங்களையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பனங்கட்டியைக் குட்டி ஓலைப் பெட்டியில் ஊற்றித் தருவார்கள், குட்டான் என்று பெயர். புழுக்கொடியல் என்பது பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. நாம் தை மாதத்தில் தள்ளுவண்டியில் கட்டுக் கட்டாக வாங்குகிற அதே கிழங்குதான். தேங்காய்ச் சில்லோடு கடித்தால் மெல்ல மெல்ல ருசி ஏறும். நல்ல பல் இருப்பவர்களுக்கு மட்டும்.

தம்பி வருகிற ஆடியில் யாழ்ப்பாணம் போகிறான். பதினோரு பாக்கெட் பருத்தித்துறை வடை, பிள்ளைகளுக்கு என்று கூட ரெண்டு, ஆயாவுக்கு ஒரு குட்டான் பனங்கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லி அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.