கௌபாய் கதை: விடையைத் தேர்ந்தெடுப்பதா, திருப்பிச் சொல்வதா?

நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கௌபாய் (அமெரிக்காவில் குதிரையேறி மாட்டு மந்தையை ஓட்டிச் செல்பவர்) கதை புரிந்ததா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு: நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, கதையைச் சொந்த நடையில் திருப்பிச் சொல்லச் சொல்வது.

முதல் வழியில் திருத்துவது எளிது. மதிப்பெண்ணில் தகராறு வராது. ஆனால் "மந்தை எந்த ஊருக்குப் போனது?" என்று கேட்டால், பத்தியில் கண்ணை ஓட்டி 'அபிலீன்' என்ற கான்சாஸ் மாநில ஊரின் பெயரைப் பிடித்துவிடலாம். டெக்சாஸ் மாடுகளைக் கான்சாஸ் வரை ஏன் ஓட்டிச் சென்றார்கள் என்பது புரிந்திருக்கவே வேண்டாம். 1867 முதல் அபிலீனிலிருந்து மாடுகள் ரயிலில் ஏற்றப்பட்டன. கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

திருப்பிச் சொல்லும்போது புரிதல் வெளியே வந்துவிடும். இரவுக் காவலில் கௌபாய் பாடுகிறான். ஒரு மாணவி "பொழுதுபோகப் பாடினான்" என்கிறாள். இன்னொருத்தி "மாடுகள் மிரண்டு ஓடாமலிருக்கப் பாடினான்" என்கிறாள். யார் கதைக்குள் போயிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் இது கிடைக்காது.

நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மைதான். கூச்சப்படும் பிள்ளை புரிந்தும் திணறலாம். அவர்களைத் தனியே அழைத்துக் கேட்பதே நியாயம். மேய்ச்சல் நிலம், மந்தைப் பயணம் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் சொல்லிவிடவும் வேண்டும். இல்லையென்றால் நாம் சோதிப்பது வாசிப்பை அல்ல, அமெரிக்க வரலாற்று அறிவை.

என் தேர்வு இரண்டாவது வழியே. சொற்பொருளுக்கு மட்டும் முதல் வழி போதும்.