‘வன அனுமதியுடன் மாஞ்சோலை பைக் ரைடு’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நெல்லைப் பக்கம் ‘ரைடர்ஸ் மீட்’, ‘கேம்பிங் ரேலி’ என்று விளம்பரம் பார்த்துப் பணம் அனுப்ப இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏமாந்தது நான் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். என் பேச்சை நம்பி சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வந்த மூன்று பேரையும் சேர்த்து மாட்டிவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. போன ஆடி மாதம் வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்தது. மணிமுத்தாறு அடிவாரத்தில் இரண்டு இரவு கூடாரம், எல்லா வேளையும் சாப்பாடு, கேம்ப் ஃபயர், பாட்டுக் கச்சேரி, ஞாயிறு காலை 100 பைக்குகள் சேர்ந்து மாஞ்சோலை ஏறுவது. கீழே பெரிய எழுத்தில் ‘சிறப்பு வன அனுமதியுடன்’. தலைக்கு 2,750 ரூபாய். நாங்கள் ஏழு பேர். மொத்தம் 19,250 ரூபாயை ஒரே தவணையில் நான்தான் அனுப்பினேன்.

மாஞ்சோலை ரோட்டில் பைக் விடமாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலை அது. காரில் போவதென்றாலும் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் அரசு பஸ். நானே நாலைந்து தடவை பஸ்ஸில்தான் போயிருக்கிறேன். அப்படித் தெரிந்தவன் ஏன் பணம் கட்டினாய் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசிய ஆள் அதற்கும் பதில் வைத்திருந்தார். “அண்ணாச்சி, 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் தேயிலைத் தோட்டம் போடக் குடுத்த 99 வருஷக் குத்தகை, 2028-ல முடியுது. 2024-லயே தோட்டத்துல வேலையை நிப்பாட்டி ஆளுங்களைக் கீழ இறங்கச் சொல்லியாச்சு. இனிமே மலையை மொத்தமா பூட்டிருவாங்க. அதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவைன்னு ஸ்பெஷல் பெர்மிஷன் வாங்கியிருக்கோம்.” குத்தகைக் கதை, சொன்ன வருஷம் எல்லாம் சரிதான். அத்தனை உண்மைக்கு நடுவில் அந்தப் பெர்மிஷன் பேச்சு சந்தேகமே வராமல் உள்ளே போய்விட்டது. அனுமதிக் கடிதத்தை அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலேஜ் நாளிலிருந்து பைக்கில் மாஞ்சோலை ஏற ஆசை. கேட்டு, அவர் இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று போகிற அந்த ரோட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சென்னை நண்பர்கள் வாய்க்காலையும் வயலையும் பார்த்துப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஒருவன் இரண்டு கிலோ அப்பளம் வாங்கி டேங்க் பேக்கில் வைத்தான். மறுநாள் அது என்ன கதியானது என்பதை நீங்களே யூகிக்கலாம்.

இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டரை. ‘மாந்தோப்பு’ என்று போட்டிருந்தார்கள். கன்று நட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத வெட்டவெளி அது. நிழலும் கிடையாது, காற்றுக்கு மறைப்பும் கிடையாது. வாசலிலேயே பைக் நிறுத்த 100 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். சாப்பாடு எங்கே என்றால், எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டதாம். பாட்டுக் கச்சேரி என்பது ஒரு புளூடூத் ஸ்பீக்கர். ஏறக்குறைய 150 பேருக்கு இரண்டே கழிப்பறை. காலை ஆறு மணிக்கெல்லாம் தொட்டித் தண்ணீர் காலி, மோட்டார் போடக் கரண்ட் இல்லை. எங்களோடு தன் பைக்கில் வந்திருந்த நண்பனின் மனைவி இதைப் பார்த்ததும் ஒரு பேச்சும் பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அம்பாசமுத்திரத்தில் ரூம் போட்டுவிட்டார். அந்த இரண்டு நாளில் எங்கள் கூட்டத்தில் யாராவது உருப்படியான முடிவு எடுத்தோம் என்றால் அது ஒன்றுதான்.

ஆனால் அதற்கு முன் முதல் ராத்திரியைச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொடுத்த கூடாரமோ கடற்கரையில் பிள்ளைகள் விளையாடப் போட்டு வைப்பது மாதிரியானது. ஒற்றைத் துணி, மேலே மழைக்கு விரிப்பு கிடையாது. தரையில் அடிக்கக் கொடுத்த கம்பி, குடைக்கம்பியை வளைத்தது மாதிரி இருந்தது. உழுது போட்ட மண்ணில் அது எப்படி நிற்கும்? ஒரு மணிக்கு வீசிய காற்றில் எங்கள் நாலு கூடாரத்தில் இரண்டு கிளம்பிவிட்டன. ஒன்று உள்ளே இருந்த பையோடு உருண்டு போய் வேலியில் மாட்டியது. அந்தப் பையில்தான் அப்பளம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். “என்னய்யா இது, காது குடையுற கம்பியா?” என்று கேட்டுவிட்டு, குட்டிகளைக் கட்டுகிற மர முளை பத்துப் பன்னிரண்டை எடுத்து வந்து அவரே அடித்தும் கொடுத்தார். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். “ஆளுக்கு ரெண்டாயிரத்து எழுநூத்தம்பதா? கிடையில வந்து சும்மா படுத்திருக்கலாம்லா!” என்றார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

சனிக்கிழமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். மதியம் ஒரு கரண்டி சாம்பார் சாதம். நாளைக்கு மலை ஏறப்போகிறோமே என்ற ஒன்றில்தான் எல்லாரும் பொறுத்துக்கொண்டு இருந்தோம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மணிமுத்தாறு செக்போஸ்ட். நாற்பது பைக் போல வரிசையில் நிற்கிறது. நடத்துகிறவர் வரவில்லை. அவர் அனுப்பிய பையன் ஒருவன் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளோடு நின்றான். வனக்காவலர் அதை வாங்கிப் படித்தார், திருப்பிப் பார்த்தார், சிரித்துவிட்டார். “தம்பி, இது விண்ணப்பம். ஆபீஸ்ல தபால் வாங்கினதுக்கு அடிச்ச சீல்தான் இருக்கு. அனுமதி எங்க?” பையனுக்குப் பதில் தெரியவில்லை. பாவம், அவனுக்கே அது அனுமதி என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காவலர் எங்கள் வண்டி எண்களைப் பார்த்தார். என்னுடையது TN 72-ல் ஆரம்பிக்கிறது. “நீங்க திருநெல்வேலிதானே அண்ணாச்சி? இந்த ரோட்டுல பைக் விடுறதில்லைன்னு உங்களுக்குமா தெரியாது?” என்றார். சென்னை நண்பர்கள் மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காவலர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே சிலர் அவரிடம் எகிறினார்கள், ஹாரன் அடித்தார்கள். யானையும் கரடியும் நடமாடுகிற காட்டுப் பாதையில் இத்தனை பைக் ஒரே நேரத்தில் ஏறுவதை அவர் விட்டிருந்தால்தான் தப்பு. அந்த விளம்பரத்தைப் பார்த்து எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது தோப்பில் பாதிக் கூடாரத்தைப் பிரித்தாகிவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. வாட்ஸப் குழுவில் பணத்தைக் கேட்ட ஒவ்வொருவரையும் வெளியே தள்ளினார்கள். இரண்டு நாள் கழித்து எனக்கு மட்டும் ஒரு செய்தி: ‘வனத்துறை கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது, அது எங்கள் கையில் இல்லை. அடுத்த மீட்டில் பாதி விலை.’ கொடுக்காத அனுமதியை எப்படி மறுப்பார்கள்?

எங்களில் பேங்க்கில் வேலை பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான். இரண்டு நாள் முழுக்க வாய் திறக்காதவன் அன்றைக்குத்தான் போஸ்டரை உட்கார்ந்து படித்தான். அதில் ஜிஎஸ்டி எண் என்று ஒன்று இருந்தது. அந்த எண்ணுக்கு 15 இலக்கம் இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்க வேண்டும். இதில் எண்ணினால் 14 தான் வருகிறது. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பணம் அனுப்பியது நிறுவனக் கணக்குக்கும் இல்லை, ஒரு பெண்மணியின் சொந்தக் கணக்கு. அனுப்பும்போது திரையில் பெயர் வந்தது, நடத்துகிறவருடைய வீட்டம்மாவாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது எங்கே நிற்கிறோம் என்றால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம், பதிவெண் வந்தது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். கூடாரம் பறந்த வீடியோ, அந்த விண்ணப்பத் தாளின் போட்டோ, பணம் போன ரசீது எல்லாம் கையில் இருக்கிறது. இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். குழுவிலிருந்து தூக்குவதற்கு முன்பே உரையாடலைச் சேமித்து வையுங்கள். அப்புறம், மலை எதுவானாலும் அந்த வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நடத்துகிறவர் சொல்வதை அவரிடமே சரிபார்க்க முடியாது.

போன வாரம் புதுப் போஸ்டர் ஒன்று வந்தது. பெயர் வேறு, போன் எண் வேறு, ‘வன அனுமதியுடன்’ அப்படியே இருக்கிறது. விலை இப்போது 3,200. பின்னால் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் எடுத்தது. இடது ஓரத்தில் எங்கள் கூடாரம் நிற்கிறது, நாலு மூலையிலும் அந்தப் பெரியவரின் ஆட்டு முளை.