காந்த்ருக் – லாந்த்ருக் மலைநடை: முதல்முறை செல்வோருக்கான மதிப்பீடு

இமயமலையில் ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் எவரெஸ்ட் அடிவார முகாமையோ அன்னபூர்ணா அடிவார முகாமையோ மனத்தில் வைத்துத் திட்டமிடத் தொடங்கி, அதற்குத் தேவைப்படும் நாள்களையும் செலவையும் உயரத்தையும் கணக்குப் பார்த்த பிறகு அந்த விருப்பத்தையே தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அத்தகையோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது, நேபாளத்தின் போக்ராவை ஒட்டிய மலைகளில் காந்த்ருக், லாந்த்ருக், பொதானா ஆகிய கிராமங்களை இணைத்துச் செல்லும் வழியாகும். மூன்று இரவுகள் போதும், கூடாரம் வேண்டாம், நல்ல காலணியும் சுமாரான உடற்பயிற்சியும் உள்ள எவரும் நடந்துவிடலாம். ஆயினும் இவ்வழியைப் போக்ராவில் ‘காந்த்ருக் ஓரிரவு’ என்று ஜீப்பில் ஏற்றிச்சென்று இறக்கிவிடும் தொகுப்புப் பயணமாக விற்கிறார்களே, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பயணத்தில் காட்சி கிடைக்கும், நடை கிடைக்காது.

தொடக்கநிலையினருக்கு இது பொருத்தமானது என்று சொல்வதற்கு முதற்காரணம் உயரம். காந்த்ருக் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழி முழுவதிலும் 2,100 மீட்டரைப் பெரிதாகத் தாண்ட வேண்டியதில்லை. உதகமண்டலத்தைவிடத் தாழ்வான இந்த உயரத்தில், காற்றழுத்தம் குறைவதால் வரும் மலைநோயைப் பற்றிய கவலை அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் கிராமத்தின் முற்றத்தில் நின்றால் 7,219 மீட்டர் அன்னபூர்ணா தெற்குச் சிகரமும், 6,441 மீட்டர் ஹியுஞ்சுலியும், 6,993 மீட்டர் மச்சபுச்ரேயும் கண்ணெதிரே எழுந்து நிற்கின்றன. இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு நெருக்கமான பனிமலைக் காட்சி கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. மச்சபுச்ரேயின் உச்சியில் ஏற அனுமதி வழங்கப்படுவதில்லை; 1957ஆம் ஆண்டு சென்ற பிரிட்டிஷ் குழுவினரும் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள். நடப்பவருக்கும் ஏறுபவருக்கும் அந்த மலை ஒன்றுபோலத் தூரத்துக் காட்சிதான்.

இரண்டாவது காரணம் அந்தக் கிராமமேதான். காந்த்ருக் குருங் மக்களின் ஊர். இம்மக்களில் பல தலைமுறையினர் பிரிட்டிஷ், இந்திய கூர்க்காப் படைகளில் பணியாற்றியவர்கள். பலகைக்கல் வேய்ந்த கூரைகளும் கல் பாவிய முற்றங்களும் சந்துகளுமாக வீடுகள் சரிவில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் 1986ஆம் ஆண்டு முதன்முதலில் தொடங்கப்பட்டதும் இங்கேதான். உள்ளூர் மக்களை வெளியேற்றாமல், பார்வையாளர்களிடம் பெறும் கட்டணத்தைக் கொண்டே காட்டையும் வழிகளையும் பராமரிக்கும் அந்த ஏற்பாடு, இன்று 7,629 சதுர கிலோமீட்டர் பரப்பில் நேபாளத்தின் மிகப்பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதியாக விளங்குகிறது. கிராமத்தில் குருங் வாழ்க்கைமுறையைக் காட்டும் சிறிய அருங்காட்சியகங்களும் உள்ளன; அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். மரபுடையை வாடகைக்கு எடுத்துப் படம்பிடித்துக்கொள்ளும் கூட்டத்தைத் தாண்டி மேல்தெருக்களுக்குச் சென்றுவிட்டால் ஊர் தன் இயல்பில் இருக்கிறது.

இனி, எப்படி நடப்பது என்பது. பழைய வழிகாட்டி நூல்கள் நயாபுல்லில் இறங்கிப் பிரேதாண்டி வழியாக நடக்கச் சொல்லும். இப்போது அந்த வழியில் சாலை வந்துவிட்டதால், ஜீப்புகள் கிளப்பும் புழுதியில் பல மணி நேரம் நடப்பதில் பொருளில்லை. போக்ராவின் பாக்லுங் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் உள்ளூர்ப் பேருந்தில் கிம்சே வரை சென்று, அங்கிருந்து கற்படிகளில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் காந்த்ருக்கை அடையலாம். முதல் நாளுக்கு அவ்வளவு போதும். மலைகளைப் பெரும்பாலும் காலையில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். நண்பகலுக்குள் மேகம் மூடிவிடும் என்பதால், ஒருநாள் கூடுதலாக இருப்பவர்கள் அதைக் காந்த்ருக்கிலேயே செலவிடுவது நல்லது.

இரண்டாம் நாள்தான் இந்த நடையின் சாரம், சோதனையும் அன்றுதான். காந்த்ருக்கிலிருந்து மோதி கோலா ஆறு வரை 600 மீட்டருக்கு மேல் இறங்கி, தொங்குபாலத்தைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏறி 1,565 மீட்டரில் உள்ள லாந்த்ருக்கை அடைய வேண்டும். வழி முழுவதும் படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறலாம். ஆனால் இறக்கத்தில் முழங்கால் படும் பாட்டுக்கு அப்படி எளிதான மாற்று எதுவுமில்லை. எங்களுடன் வந்த என் சித்தப்பா அறுபதைக் கடந்தவர்; இரண்டு ஊன்றுகோல்களோடு, காலடியை அகலவாட்டில் வைத்து, எல்லோருக்கும் பின்னால் நிதானமாக இறங்கி, மறுநாள் எங்களைவிடத் தெம்பாக நடந்தார். ஊன்றுகோல்கள் போக்ராவின் லேக்சைடு கடைகளில் வாடகைக்கே கிடைக்கின்றன. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் இந்த நாளைத் தவிர்த்து, காந்த்ருக்கிலிருந்து வந்த வழியே திரும்பிவிடுவது உத்தமம். மற்றவர்கள் நேரமிருந்தால் லாந்த்ருக்கோடு நிறுத்தாமல் தோல்கா வரை நடந்துவிடலாம். அடுத்த நாளின் ஏற்றம் அந்த அளவுக்குக் குறையும்.

தங்குமிடங்களைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கு அதிகமில்லை. மரப்பலகைத் தடுப்புடன் கூடிய சிறிய அறை, இரண்டு கட்டில், கனமான போர்வை. அறை வாடகை குறைவு, ஆனால் இரவு உணவும் காலை உணவும் அங்கேயே உண்ண வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. வெந்நீருக்கும் மின்னேற்றத்துக்கும் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. அறையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் மறுநாள் காலையில் முகம் சுளிக்க வேண்டியிராது. உணவில் பருப்பும் சோறும் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தால்பாத்தே சிறந்த தேர்வு, அதைக் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். பட்டியலில் உள்ள பீட்சாவை அந்த மலையில் எதற்காகத் தின்ன வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. கோதோ என்று அவர்கள் சொல்வது நம் கேழ்வரகேதான். அந்த மாவில் கிண்டிய திதோ, நம் வீட்டுக் களியைப் போலவே கையால் பிட்டுக் குழம்பில் தோய்த்து உண்ணப்படுவது. புளிக்கவைத்து உலர்த்திய கீரையில் செய்யும் குந்த்ருக் சாறு அதற்கு நல்ல துணை.

அனுமதி விவகாரத்தில் இந்தியர்களுக்குச் சலுகை உண்டு. விசா தேவையில்லை, விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ வைத்திருக்க வேண்டும், ஆதார் பொதுவாக ஏற்கப்படாது. பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய். இந்திய மதிப்பில் 625 ரூபாய்தான். சீட்டைப் போக்ராவிலேயே வாங்கிவிட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடையர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்ற விதியும் அறிவிக்கப்பட்டுள்ளது. வழி தெளிவாகவே இருப்பதால் இது வீண்செலவு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். என் கருத்து வேறு: ஜீப்புக்குக் கொடுக்கும் பணத்தை வழிகாட்டிக்குக் கொடுங்கள். குருங் ஊர்களில் பேசத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் அடுப்பங்கரை வரை அழைக்கப்படுவீர்கள்; முதல்முறை நடப்பவருக்கு எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்ற வேகக்கட்டுப்பாடும் கிடைக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் மிகத் தெளிவாக இருக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச், ஏப்ரலில் நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ் காடுகளில் சிவந்து கிடக்கும், ஆனால் மலைகளைச் சற்றே மங்கலாகத்தான் காண முடியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வழுக்கும் படிகளும் அட்டைகளும் மேகமும்தான். அந்த மாதங்களில் செல்லவே வேண்டாம்.

மூன்றாம் நாள் தோல்காவிலிருந்து காட்டு வழியாக ஏறிப் பொதானாவை அடைந்தபின், இரவு அங்கே தங்குவதா, சற்றுத் தள்ளியுள்ள ஆஸ்திரேலியன் கேம்ப்பில் தங்குவதா என்ற கேள்வி எழும். பின்னதில் புல்வெளியும் அகன்ற காட்சியும் உண்டு. விடுமுறை நாள்களில் போக்ராவிலிருந்து வரும் இளைஞர்களின் பாட்டும் ஒலிபெருக்கியும் உண்டு. அமைதியை விரும்புவோர் பொதானாவில் தங்கி, விடியற்காலையில் ஆஸ்திரேலியன் கேம்ப்புக்கு நடந்து சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, காண்டேவுக்கு இறங்கிப் போக்ரா செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம்.