லீற்றருக்கு 27 ஓடும் ரி.டபிள்யூ. 200: விற்பதா, வைத்திருப்பதா?

யமஹா ரி.டபிள்யூ. 200 இல் போகிறவனைச் சந்தியில் மறித்துக் கேட்கிற முதற் கேள்வி, "அண்ணை, லீற்றருக்கு என்ன ஓடும்?" இரண்டாவது, "குடுக்கிற யோசனை இருக்கோ?" முதற் கேள்விக்கு உள்ளதைச் சொன்னால் பாதிப்பேர் இரண்டாவதைக் கேட்காமலே போய்விடுவார்கள். 27 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகருக்குள் மட்டும் ஓடினால் 24, 25. ஏ9 வீதியில் அறுபது வேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் 30 ஐத் தொடும். 100 சிசி பைக் வைத்திருக்கிற மச்சான் 60 காட்டுகிறான். அவனுக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. முடிவெடுக்க முதல், இத்தனை வருசம் ஓடியதில் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். எண்ணெய் குடிக்கிற பைக்கோடு மாரடிக்கிற வேறு யாருக்கும் பயன்படலாம்.

பைக்கைத் தெரியாதவர்களுக்கு: 196 சிசி, காற்றில் குளிர்கிற ஒற்றைச் சிலிண்டர், ஐந்து கியர், 7 லீற்றர் தாங்கி. 1987 இல் யமஹா இறக்கிய வடிவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஆளைத் திரும்பிப் பார்க்க வைப்பது ரயர்தான். முன்னுக்கு 130/80-18, பின்னுக்கு 180/80-14. எங்கள் ஒழுங்கைப் பெடியள் இதற்கு வைத்த பெயர் லாண்ட்மாஸ்ரர், வயல் உழுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் நின்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எண்ணெய்ச் செலவுக்கு முதற் காரணமும் அந்த ரயர்தான். இவ்வளவு அகலமான ரயரைக் குறைந்த காற்றில் ஓட்டும்போது அது உருளுகிற ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து விரிகிறது. அந்த நசிவுக்குப் போகிற பலமும் பெற்றோலில் இருந்துதான் வரவேண்டும். கியர் அமைப்பு மெதுவான, கரடான ஓட்டத்துக்கு ஏற்றது. எழுபது, எண்பதில் போனால் இயந்திரம் கத்தத் தொடங்கிவிடும். நிமிர்ந்து இருந்து ஓட்டுவதால் காற்று முழுதும் நெஞ்சில்தான். சோழகம் அடிக்கிற மாதங்களில் வல்லை வெளியால் பருத்தித்துறைக்குப் போனால் காற்று முதுகில் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று மறிக்கும், நாலாம் கியருக்கு இறங்கவேண்டும். பண்ணையால் தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு இது மறுவளம்.

இது தெரியாமல் எடுத்த பைக் அல்ல. அப்போது எனக்கு வடமராட்சி கிழக்கில் வெளிக்கள வேலை. கிழமை நாட்களில் மருதங்கேணிப் பக்கம் தங்கல், வெள்ளி பின்னேரம் கோண்டாவிலுக்கு. தாளையடி, அம்பன், மணற்காடு என்று கரையோரம் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தார் றோட்டை விட்டு இறங்கினால் அங்கே மண் இல்லை, மணல். மெல்லிய ரயர் உள்ள பைக் என்றால் காலால் ஊன்றி ஊன்றித் தள்ளவேண்டும். இது மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குள்ளும் இரண்டாம் கியரில் சோம்பேறித்தனமாக ஏறிப் போகும். காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல், அக்சிலேற்றரை விடாமல் போனால் சரி. அந்த வேலைக்கு லீற்றருக்கு 27 என்பது எனக்கு ஒரு பிரச்சினையாகவே தெரிந்ததில்லை.

2022 இல் தெரிந்தது. 2021 முடிவில் லீற்றர் 177 ரூபா விற்ற 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470. விலையாவது பரவாயில்லை, சாமானே இல்லை. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கிற பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நம்பர் பிளேற்றின் கடைசி இலக்கத்துக்கு ஒரு நாள். நாலு லீற்றரில் மச்சான் 240 கிலோமீற்றர் ஓடினான், நான் 108. மருதங்கேணியில் இருந்து வீட்டுக்கு வந்து திரும்ப ஏறத்தாழ 90. அத்தோடு அந்தக் கிழமைப் பங்கு சரி. வேலைக்கு ஒரு பழைய லுமாலாவை இரவல் வாங்கி மிதித்தேன். மணலில் சைக்கிள் மிதிப்பதைப் பற்றி இங்கே எழுதினால் பைக்கின் கதை நின்றுவிடும்.

அப்பாவிடம் சொல்லிக் குறைப்பட முடியாது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் சூப்பிப் போத்தலால் துளி பெற்றோல் அடித்து ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஹொண்டாவை ஓட்டிய ஆள். "கிழமைக்கு நாலு லீற்றரோ? அப்ப எங்களுக்கு அது ஒரு மாசத்துக்குக் காணும்" என்றார்.

கியூஆர் பங்கீடு 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான மாற்றம்: எனக்கு நகருக்கு இடமாற்றம். இப்போது கோண்டாவிலில் இருந்து திருநெல்வேலி, அங்கிருந்து டவுண், இடையில் பிள்ளையை ஏற்றி இறக்கல். பலாலி வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஓடினவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குட்டிக் குட்டி ஓட்டம், இயந்திரம் சூடாக முதலே நிற்பாட்டல், சந்திக்குச் சந்தி கிளச். மைலேஜ் விழுந்து 22 க்கு வந்தது. விற்பனைப் பேச்சு வீட்டில் தொடங்கியது அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். மைலேஜ் விழுந்த பைக்கை அந்த நிலையிலேயே விற்கப் போகாதீர்கள், வாங்குகிறவன் அதைக் காட்டியே விலையை உடைப்பான். முதலில் சரியாக அளந்து பாருங்கள். இதில் பெற்றோல் மீற்றர் இல்லை, றிசேர்வ் திருகி மட்டும்தான். ஒரே பெற்றோல் செட்டில், பைக்கை நிமிர்த்திப் பிடித்து, கழுத்து மட்டத்துக்கு அடித்து, அடுத்த முறையும் அதே மட்டத்துக்கு அடித்துக் கணக்குப் பார்க்கவேண்டும். தாங்கி சின்னது என்பதால் அரை லீற்றர் பிசகினாலே கணக்கு எங்கேயோ போய்விடும். ஒருமுறை பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரியாமல் சில தடவை சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, எவரும் கவனிக்காத ஒரு துண்டு. வருசாவருசம் லைசென்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோமே, அங்கே தருகிற அறிக்கையில் காபன் மொனொக்சைட் அளவு இருக்கும். பாஸ் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். எனது பைக் பாஸ்தான். ஆனால் அந்த அளவு முந்தின வருசத்தைவிட நன்றாக ஏறியிருந்தது. அதன் பொருள், காற்றுக்கு மிஞ்சிப் பெற்றோல் உள்ளே போகிறது, முழுதாக எரியாமல் வெளியே வருகிறது.

கொண்டுபோய்க் காட்டினேன். மெக்கானிக் அண்ணை ஒன்றும் பேசாமல் பிளக்கைக் கழற்றிக் கையில் தந்தார். விளக்குக் கரி மாதிரி கருப்பு, விரலில் ஒட்டியது. ஒழுங்காக எரிகிற இயந்திரத்தின் பிளக் நுனி வெளிர் மண்ணிறமாக இருக்கவேண்டும். பிறகு எயர் பில்ரரை எடுத்தார். இதற்குப் பஞ்சு பில்ரர், எண்ணெய் தோய்த்துப் போடுவது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசு முழுதும் அதில் பிடித்துக் களியாகி இருந்தது.

"தம்பி, வாயைப் பொத்திப்போட்டு ஓடு எண்டா நீர் ஓடுவீரோ?" என்று கேட்டுவிட்டு அதை மண்ணெண்ணெய்க்குள் போட்டார்.

பில்ரர் கழுவி, புதிய எண்ணெய் தோய்த்து, காபரேற்றரைக் கழற்றித் துப்பரவாக்கி, தேய்ந்த ஊசியை மாற்றி, சோக் (குளிரில் ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோலைக் கூட்டி விடுவது) முழுதாக மூடுகிறதா என்று பார்த்து, பின் பிறேக் பிடித்துக்கொண்டிருந்ததையும் தளர்த்தினார். 22 இல் கிடந்தது நகர ஓட்டத்தில் 25 க்கும், வல்லைப் பக்கமும் போய்வருகிற மாதத்தில் 27 க்கும் ஏறியது. எங்கள் ஊர்ச் சூட்டுக்குக் காலையில் சோக் இழுக்கவே தேவையில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். பழக்கத்தில் இழுக்கிறோம். 95 ஒக்ரேன் அடித்தால் மைலேஜ் கூடும் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். 9.5:1 அமுக்க விகிதம் உள்ள இந்த இயந்திரத்துக்கு 92 தாராளம். ரயருக்குக் காற்றை மிஞ்சி அடித்தாலும் கொஞ்சம் கூட ஓடும், உண்மை. ஆனால் மாரி மழைக்கு ஈரத் தாரில் பின் சில்லு வழுக்கும்போது அந்த மிச்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது.

இதற்கு மேல் இந்தப் பைக்கிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. 27 தான் அதன் குணம். இனிக் கணக்கு.

எனக்கு மாதம் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் ஓட்டம். பெற்றோலை லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். 27 ஓடினால் 26 லீற்றர், 7,800 ரூபா. 40 ஓடுகிற பைக் என்றால் பதினேழரை லீற்றர், 5,250. 60 ஓடுகிற பைக் என்றால் 12 லீற்றருக்குக் கொஞ்சம் குறைய, 3,500. திரும்ப ஒருமுறை பாருங்கள்: 27 இல் இருந்து 40 க்குப் போனால் மாதம் 2,550 மிச்சம். 40 இல் இருந்து 60 க்குப் போனால் 1,750 தான். முதலாவதில் கூடுவது 13 கிலோமீற்றர், இரண்டாவதில் 20. மைலேஜ் ஏற ஏற மிச்சம் சுருங்கும். சனம் 60 ஓடுமா, 65 ஓடுமா என்று அடிபடுவதில் காசுக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. 27 இல் இருக்கிறவன் 40 க்கு வந்தாலே பெரும்பகுதி வந்துவிடும்.

மச்சானிடம் இதைக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். "அதெல்லாம் சரி, என்ரை பைக் 60 ஓடுது" என்றான்.

ஆனால் மாதம் 2,550 என்பது சும்மா கையில் வராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் ஓடித் தேய்ந்த பைக்குகளும் தங்க விலைக்குப் போயின. என்னுடையதன் விலையும் அதில்தான் ஏறியது, அதனால் நான் அழமுடியாது. சிக்கல் என்னவென்றால், விற்ற காசுக்கு வாங்கக்கூடியதும் இன்னொருவர் ஓடிக் களைத்த பைக்தான். அதற்கு ரயர், செயின் செற், பற்றரி, பெயர் மாற்றச் செலவு, இன்சூரன்ஸ் என்று போட்டால் முதல் ஒரு வருசத்து மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புதிதாக எடுத்தால் லீசிங் வட்டி. லீசிங்கில் புதுப் பைக் எடுத்துப் பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்பவர்கள், மாதத் தவணையையும் மாத மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

பெற்றோல் கணக்கு மட்டும் என்றால் நான் இந்தப் பைக்கை விற்கமாட்டேன். என்னை அசைத்தது ரயர். 180/80-14 யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் "அண்ணை, அப்பிடி ஒரு சைஸ் இருக்கோ?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். கொழும்பில், பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடிப் பிடித்து, இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு எடுக்கவேண்டும். ஒரு பின் ரயரின் காசுக்கு 100 சிசிக்கு முன்னும் பின்னும் புதுச்சோடியே போடலாம். அதுவும் நகரத்துத் தாரில் வீணாகத் தேய்கிறது, மணலில் ஓடின காலத்தில் இப்படித் தேயவில்லை. இந்த ரயரை மாதக் கணக்கில் பிரித்துச் சேர்த்தால் 7,800 என்ற செலவு இன்னும் மேலே போகிறது. மணலுக்கு என்று செய்த ரயரைப் பலாலி வீதியில் உரஞ்சுவதற்கு நான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இப்போது இருக்கிற ரயர் தேயும் மட்டும் ஓடுவது, அடுத்த ரயர் வாங்க முதல் விற்பது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது, மனதும் ஏறத்தாழ ஒத்துக்கொண்டுவிட்டது. ஒருவேளை திரும்ப வடமராட்சி கிழக்குக்கு மாற்றம் வந்தால் இந்தப் பேச்சே கிடையாது. மாதம் 300, 400 கிலோமீற்றர்தான் ஓடுகிறீர்கள் என்றாலும் விற்காதீர்கள், மிச்சம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது.

விற்றால் கரையோரப் பக்கம் வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுக்கவே விருப்பம். நகரத்தில் கேட்டு வருகிற பெடியள் முதல் வேலையாகச் சைலன்சரை வெட்டுவார்கள். ஓப்பன் பேப்பரில் தாங்கோ என்று ஒரு புரோக்கர் கேட்டார், மறுத்துவிட்டேன். பெயர் மாறாமல் போகிற பைக் எங்காவது கம்பத்தில் அடித்தாலும் பொலிஸ் தேடி வருவது என் வீட்டுக்குத்தான். எத்தனை கூடத் தந்தாலும் பெயர் மாற்றித்தான் கொடுப்பது.

அடுத்ததற்கு 125 க்கும் 150 க்கும் இடையில், 40, 45 ஓடுகிற, சாமான் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 60 ஐத் தேடி அலையப் போவதில்லை. வீட்டில் போட்டிருக்கிற நிபந்தனை ஒன்றுதான்: நல்லூருக்குச் சேலையோடு ஏறி இருக்கக்கூடிய சீற்றும், சேலை சில்லுக்குள் போகாமல் ஒரு கம்பியும் இருக்கவேண்டும். ரி.டபிள்யூ.வில் அது கடைசிவரை சரிவரவில்லை.