பஞ்சாமிர்தத்துக்கு எந்தப் பழம்: மலைப்பழமா, கற்பூரவள்ளியா, பூவனா?

பழனி பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். சிக்கல் வாழைப்பழத்தில்தான். அங்கே பேர்போனது விருப்பாச்சி மலைப்பழம். அது அகப்படாதபோது எதைப் போடுவது?

முதலில் மலைப்பழத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் மழையை நம்பி வளரும் வாழை இது. பழம் குட்டை, தோல் தடிமன். நன்றாகப் பழுத்தால் தோல் கறுத்துச் சுருங்கிவிடும். தெரியாதவர்கள் அழுகல் என்று ஒதுக்கிவிடுவார்கள். உரித்துப் பாருங்கள்: சதை குழையாமல் கெட்டியாக இருக்கும், வாசனை தூக்கும். நீர்ச்சத்து குறைவு என்பதுதான் இதன் பலம். பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்திலிருந்து கசியும் நீரில்தான் சர்க்கரை கரைய வேண்டும். அந்த நீர் அதிகமானால் பாகு இளகி, நுரைத்து, புளித்துவிடும். மலைப்பழத்தில் அந்தத் தொல்லை குறைவு.

இதற்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல். பெயர் வாங்கியாயிற்று, பழம்தான் போதவில்லை. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்தால் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். அதன் பிறகு தார் எதிர்பார்க்க முடியாது. 1970களில் சுமார் 18,000 எக்டேரில் இருந்த மலைவாழை, இந்த நோயால் 2,000 எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் மறுபடி தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே விலை அதிகம் என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது கற்பூரவள்ளி. தோலில் சாம்பல் பூத்திருக்கும், தேன் மாதிரி இனிக்கும். சதையும் ஓரளவு கெட்டிதான். மலைப்பழத்தின் இடத்துக்கு என் ஓட்டு இதற்கே. சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. சில பழங்களில் கறுப்பு விதை இருக்கும். பிசையும்போதே விரலில் தட்டுப்படும், எடுத்துப் போட்டுவிடலாம். குறை என்றால் வாசனைதான். மலைப்பழத்தின் மணம் இதில் வராது. ஏலக்காயைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பார்கள். அப்புறம் ஏலக்காய் மட்டுமே மணக்கும்.

பூவன் மலிவு, எங்கும் கிடைக்கும், சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போட்டால் சுகம். ஆனால் அதன் இயல்பான இளம்புளிப்பு இங்கே உதவாது. காலையில் பிசைந்து பூஜை முடிந்ததும் விநியோகித்துத் தீர்ப்பதென்றால் சரி. ஜாடியில் எடுத்து வைக்கும் எண்ணமிருந்தால் வேண்டாம். ரஸ்தாளியையும் சிலர் கேட்பார்கள். ருசி பிரமாதம், ஆனால் சில காய்களில் நடுவே கல் மாதிரி கட்டி விழுந்திருக்கும், எவ்வளவு பிசைந்தாலும் மசியாது.

எந்தப் பழமானாலும் மிக்ஸி பக்கம் போகாதீர்கள். காற்று ஏறி நுரைத்து, பசை போல் ஆகிவிடும். ஈரமில்லாத பாத்திரம், காய்ந்த கை, முதலில் பழமும் நாட்டுச்சர்க்கரையும். இரண்டும் கலந்து இளகியபின் பேரீச்சை, கற்கண்டு, கடைசியாகத் தேனும் நெய்யும். மலைப்பழம் கெட்டி என்பதால் பிசையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். திப்பி திப்பியாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், ஊறியதும் தானாக இளகிக்கொள்ளும்.